முப்பத்தொரு டிகிரி

இந்த வருஷம் எல்லாமே கையால் செய்தது என்று
அக்காவிடம் போனில் சொல்கிறாள் பிலோமினா.
குரலில் பெருமை.
போனஸ் இல்லை என்பதற்கு
இத்தனை அழகான இன்னொரு பெயர் இருப்பது
எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஜெலுத்தோங் கடையில் வாங்கிய இரண்டு கிலோ கட்டிச் சாக்லேட்டைத்
தேங்காய்க் கத்தியால் கொத்துகிறேன்.
இட்லிப் பானையில் தண்ணீர், மேலே கண்ணாடிக் கிண்ணம்.
அடியில் ஆவி படலாம்,
உள்ளே ஒரு சொட்டு விழக்கூடாது.
விழுந்தால் மொத்தமும் மணல்.

பாயான் லெப்பாஸில் பதினேழு வருஷம்
உலைக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.
பற்றாசு எந்தச் சூட்டில் இளகும்,
எத்தனை விநாடியில் இறுகும் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நாற்பத்தைந்து வரை ஏற்று.
இருபத்தேழுக்கு இறக்கு.
திரும்ப முப்பத்தொன்று. அங்கேயே பிடி.
அப்போதுதான் மினுங்கும்,
உடைத்தால் டக்கென்று கேட்கும்.

"ஏத்தி, இறக்கி, மறுபடி கொஞ்சம் ஏத்தினாத்தான்
உருப்படுமா இது?"
நான் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையில் வலைத்தொப்பி, என் பழையது.
"இதுவும் சிப்புதானே, பா?" என்கிறான் சின்னவன்.
சிந்தியதை நக்குகிறான்.
அங்கே ஒரு தூசி விழுந்தாலே அலாரம் அடிக்கும்.

பாலேக் பூலாவ் ஜாதிக்காய் ஊறலைப் பொடியாக நறுக்கி
ஒவ்வொரு நட்சத்திரத்துக்குள்ளும் ஒரு சிட்டிகை.

ஏர்கோன் படுக்கையறையில் மட்டும்தான்.
ஆகவே அன்றிரவு
நூற்று நாற்பத்து நான்கு நட்சத்திரங்கள்
பதினெட்டு டிகிரியில் எங்கள் கட்டிலில் படுத்தன.
நாங்கள் நால்வரும் ஹாலில்,
ஒரு காற்றாடிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு.
கரண்டு பில்லைப் பற்றி
யாரும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு பெட்டி.
பதினொன்று, அந்த வெள்ளிக்கிழமை
என்னோடு சேர்ந்து அடையாள அட்டையைக் கழற்றியவர்களுக்கு.
கைருல் சாப்பிட வேண்டும்,
அதனால் ரம் பாட்டில் சமையலறைக்குள்ளேயே வரவில்லை.
தவமலர் மார்கழியில் முட்டை தொடமாட்டாள், முட்டையும் இல்லை.
பூன் லியோங்குக்குச் சர்க்கரை. மூடியில்
அவன் மனைவியின் பெயரை எழுதினேன்.
எப்படியும் திருடித் தின்பான்.

பன்னிரண்டாவது யாருக்கு என்று கேட்டாள்.
மிஸ் சியூ லிங்குக்கு என்றேன்.
பெயர்களை வாசித்தவளுக்கா?
ஆமாம். என் பெயர் வந்தபோது
அவள் தண்ணீர் குடித்தாள்.

பிலோமினா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு அந்தப் பெட்டிக்கு மட்டும்
ரிப்பனை இரண்டு விரற்கடை நீளமாக வெட்டினாள்.

மதியம் மோட்டாரில் போனேன்.
வாசலில் அதே காவலர், பகதூர்.
உள்ளே விடமாட்டார் என்று தெரியும்,
கொடுத்துவிட்டால் போதும் என்றேன்.

அவங்களும் போய்ட்டாங்க, போன புதன்கிழமை.
ரெண்டாவது பட்டியலையும் அவங்கதான் வாசிச்சாங்களாம்.
கடைசிப் பேர் அவங்களுது.

வெயிலில் நின்றேன்.
சீட்டுக்கடியில் இருந்து பெட்டியை எடுத்துத் திறந்தால்
நட்சத்திரங்கள் முனைகளை மறக்கத் தொடங்கியிருந்தன.
எந்த டிகிரியில் அது நடக்கும் என்று
எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

பகதூர் தன் கூண்டின் கதவைத் திறந்து
சாப்பாட்டுப் பையை நகர்த்தி
ஏர்கோனுக்கு நேராக இடம் காட்டினார்.
பெட்டியை வைத்தோம்.
அரை பெஞ்சை எனக்குத் தந்தார்.

உறைய இருபது நிமிஷமாவது ஆகும்.
லாரிகள் போயின, வந்தன.
இனி இவை மினுங்காது,
மேலே வெள்ளை பூக்கும். ருசிக்குப் பழுதில்லை.

பேனாவை எடுத்து பகதூர்
பெட்டியின் மூடியில்
ஒரு போன் நம்பரை எழுத ஆரம்பித்தார்,
நினைவிலிருந்து,
ஒவ்வோர் எண்ணாக.